ஒவ்வொன்றாக வருவதும் மொத்தமாக வைத்திருப்பதும்

(புதுமடத்தில் கணினி பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதுமடம். எத்தனை எழுத்து? பு, து, ம, ட, ம் என்று விரல் மடக்கி ஐந்து என்பீர்கள். இதே பெயரைப் பைதான் மொழியில் கொடுத்து நீளம் கேட்டால் 8 என்று விடை வரும். யூடிஎஃப்-8 முறையில் கோப்பாகச் சேமித்தால் 24 பைட் பிடிக்கும். மூன்றுமே சரியான விடைகள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள். நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் அதில் கிடையாது. ‘பு’ என்றால் பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘ம்’ என்றால் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிக் கூட்டினால் 8 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

நான் இன்று பேச வந்தது ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டர், மொத்தமாக வைத்திருக்கும் லிஸ்ட் என்ற இரண்டைப் பற்றியும், ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பற்றியும். நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் இந்த மாற்றத்தை ஆரம்ப நாட்களிலேயே செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சொல்லைத் தட்டினால் மாறிவிடும். அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான், அந்த இடத்தில் நாம் ஒரு முடிவு எடுக்கிறோம் என்பது கண்ணில் படுவதில்லை. எவ்வளவு நினைவகம் செலவாகும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு திரும்பிப் பார்க்க முடியுமா, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் தீர்மானித்துவிடுகிறது. தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

புதுமடத்துக்கே திரும்புவோம். எட்டுக் குறியீடுகளை வாங்கி ஐந்து எழுத்துகளாகக் கொடுக்கும் ஒரு நிரல்பாகம் எழுத வேண்டும். முத்து அண்ணாமலை என்ற பெயரைக் கணினித் தமிழில் ஈடுபாடுள்ளவர்கள் அறிவார்கள். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்த மூல நூலகம் பைதானில் இருக்கிறது. அதில் இந்த வேலைக்கு இரண்டு நிரல்பாகங்கள் வைத்திருக்கிறார்கள். ‘கெட் லெட்டர்ஸ்’ என்பது எழுத்துகள் அனைத்தையும் ஒரு லிஸ்டாகக் கையில் கொடுக்கும். ‘கெட் லெட்டர்ஸ் இட்டரபிள்’ என்பது கேட்கக் கேட்க ஒவ்வோர் எழுத்தாகக் கொடுக்கும். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. அதற்கு முன் இரண்டாவது வகை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள், தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் அதில் உண்டு.

முதல் குறியீடு வருகிறது, பகரம். ‘இதோ ப’ என்று உடனே கொடுத்துவிட முடியாது. அடுத்து உகரக் குறி வந்தால் அது ‘பு’ ஆகிவிடும். ஆகவே கையில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். உகரக் குறி வந்தது. இப்போதும் கொடுக்க முடியாது. அதற்கடுத்துத் தகரம் வந்த பிறகுதான் ‘பு’ முடிந்தது என்று உறுதியாகிறது, கொடுக்கலாம். தமிழ் எழுத்துகளைத் தரும் இட்டரேட்டர் எப்போதும் ஓர் எழுத்தைக் கையில் பிடித்தபடியே நடக்கிறது. கடைசி எழுத்தான ‘ம்’ இன்னும் நுட்பமானது. அதற்கு அடுத்து எதுவும் வராது. உள்ளே வருவது தீர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, கையில் இருப்பதை மறக்காமல் கொடுக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்களின் நிரலில் இந்தக் கடைசி எழுத்து அடிக்கடி விழுந்துபோகும், ‘புதுமட’ என்று நின்றுவிடும். க்ஷகரம் வந்தால் இன்னும் ஒரு படி பொறுக்க வேண்டும். ககரம், புள்ளி, ஷகரம் என்று மூன்று குறியீடு சேர்ந்தது அது. ஸ்ரீ என்றால் நான்கு.

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுக் கொடுக்கும் லிஸ்டுக்கு இந்தக் கவலையே வெளியில் தெரியாது. ஆனால் சொல் ஒன்றாக இல்லாமல் நூல் ஒன்றாக இருந்தால்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் எத்தனையோ தமிழ் நூல்களை மின்வடிவில் தந்திருக்கிறது. அவற்றையெல்லாம் சேர்த்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும் என்று வையுங்கள். எழுத்துகள் கோடிக்கணக்கில் போனாலும் நமக்கு வேண்டியது சில நூறு கணக்குகள் மட்டுமே. ஓர் எழுத்து வந்தது, அதன் கணக்கில் ஒன்று கூட்டினோம், எழுத்தை விட்டுவிட்டோம். இங்கே லிஸ்டாக மாற்றுவது நினைவகத்தை வீணாக்குவது, வேறொன்றுமில்லை. அதே வேளையில் விகடகவி என்ற சொல் திருப்பிப் படித்தாலும் அதேதானா என்று பார்க்க வேண்டுமானால் லிஸ்ட் வேண்டும். கடைசி எழுத்து தெரியாமல் திருப்ப முடியாது. அதுவும் எழுத்துகளின் லிஸ்டாக இருக்க வேண்டும். குறியீடுகளைத் திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள மெய் இல்லாமல் புள்ளி வட்டத்தோடு அனாதையாக நிற்கும். இரண்டு நிரல்பாகங்கள் வைத்ததன் நியாயம் இதுதான். வாங்குபவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று நூலகத்துக்குத் தெரியாது.

இனி, இட்டரேட்டர் என்றால் என்ன என்று கறாராகச் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே. ‘அடுத்தது’ என்று கேட்டால் அடுத்ததைக் கொடுக்கும், தீர்ந்திருந்தால் தீர்ந்தது என்று சொல்லும். மொத்தம் எத்தனை என்று கேட்டால் அதற்குத் தெரியாது. மூன்றாவது எது என்று கேட்டாலும் தெரியாது. போனதைத் திருப்பித் தராது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய சிஎல்யு என்ற மொழியில் இந்தக் கருத்து மொழியின் உறுப்பாகவே இடம் பெற்றது. நிரல்பாகம் ஒரு விடையைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே காத்திருக்கும், மறுபடி கேட்டால் அங்கிருந்து தொடரும். லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. நின்று தொடரும் அதே நிரலமைப்பு 2001 டிசம்பரில் வந்த பைதான் 2.2இல் ‘ஜெனரேட்டர்’ என்ற பெயரில் நுழைந்தது. ஜாவாவில் இட்டரேட்டர் 1998இல் வந்தது.

லிஸ்டிலிருந்து இட்டரேட்டர் எடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை என்றே சொல்லலாம். லிஸ்ட் இருக்கும் இடத்தில் இருக்கும். எத்தனையாவதில் நிற்கிறோம் என்ற ஓர் எண் மட்டும் புதிதாகச் சேரும். ஒரே லிஸ்டிலிருந்து பத்து இட்டரேட்டர் எடுத்தாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியிலிருக்கும் லிஸ்டில் கைவைத்தால் வம்பு. சாளை, சாளை, கணவாய் என்று மூன்று பெயர் உள்ள ஒரு லிஸ்ட். ஒவ்வொன்றாகப் பார்த்து, சாளையாக இருந்தால் நீக்கு என்று பைதானில் எழுதுகிறீர்கள். முதல் இடத்தில் சாளை, நீக்கியாயிற்று. உடனே மற்ற இரண்டும் ஓர் இடம் முன்னால் நகர்கின்றன. இட்டரேட்டருக்கு அது தெரியாது, அது இரண்டாவது இடத்துக்குப் போகிறது. அங்கே கணவாய் இருக்கிறது. முதல் இடத்துக்கு வந்துவிட்ட இரண்டாவது சாளையை யாரும் பார்க்கவே இல்லை. நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் முடிகிறது, லிஸ்டில் சாளை மிச்சம் இருக்கிறது. ஜாவாவில் இப்படிச் செய்தால் பெரும்பாலும் பிழை எறிந்து நிரலை நிறுத்திவிடும். அந்தக் கண்டிப்பு நல்லது என்பது என் எண்ணம். பைதானில் பாதுகாப்பான வழி, லிஸ்டின் நகல் ஒன்றை எடுத்து நகலில் ஓடி, மூலத்தில் நீக்குவது. அல்லது வேண்டியவற்றை மட்டும் வைத்துப் புது லிஸ்ட் கட்டுவது.

எதிர்த்திசையில், இட்டரேட்டரிலிருந்து லிஸ்ட் ஆக்கும்போது, செலவு தொடங்குகிறது. எத்தனை வரப்போகிறது என்று தெரியாமலே இடம் ஒதுக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் ஜாவாவில் ‘அர்ரேலிஸ்ட்’ என்ன செய்கிறது பாருங்கள். முதலில் 10 இடம். பதினொன்றாவது வந்தால் 15 இடத்துக்கு ஒரு புது வரிசை எடுத்து, பழைய பத்தையும் அங்கே நகலெடுக்கும். பிறகு 22, 33, 49, 73, 109. ஒவ்வொரு தடவையும் பாதியளவு கூடுதலாக எடுத்து, எல்லாவற்றையும் இடம் பெயர்க்கும். ஒன்றொன்றாகக் கூட்டாமல் இப்படி விகிதத்தில் கூட்டுவதால்தான், லட்சம் பொருள் வந்தாலும் பொருள் ஒன்றுக்கு ஆகும் சராசரி வேலை ஏறாமல் நிற்கிறது. எத்தனை வரும் என்று முன்பே தெரிந்தால் சொல்லிவிடுவது நல்லது. பைதான் 3.4 முதல், தோராயமாக இத்தனை இருக்கும் என்று ஓர் இட்டரேட்டர் முன்னறிவிக்க வழி செய்திருக்கிறார்கள்.

நினைவகக் கணக்கும் பார்த்துவிடுவோம். இன்றைய 64 பிட் கணினியில் பைதான் லிஸ்டில் 10 லட்சம் பொருள் இருந்தால், அவற்றைச் சுட்டுவதற்கு மட்டும் 80 லட்சம் பைட் வேண்டும். பொருள்களின் இடம் தனி. அதே 10 லட்சத்தை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டருக்குச் சில நூறு பைட் போதும். 10 லட்சம் 10 கோடி ஆனாலும் அதே சில நூறுதான்.

முடிவே இல்லாத ஓட்டமும் உண்டு. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருப்பது உங்களுக்குத் தெரியும். 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழைய பாலத்தில், காற்று குறித்த வேகத்தைத் தாண்டினால் ரயிலை விடாமல் நிறுத்திவைத்தார்கள். 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்தாகிவிட்டது, காற்று ஓயவில்லை. அந்த அளவீட்டை இட்டரேட்டராக வாங்கி ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து நிறுத்து, விடு என்று முடிவு சொல்லலாம். அதை லிஸ்டாக மாற்று என்று எழுதினால், அந்த வரி ஒருநாளும் முடியாது. நினைவகம் நிரம்பி நிரல் விழும். பைதானில் முடிவற்ற எண்ணிக்கையைத் தரும் ‘கவுண்ட்’ என்ற கருவியை லிஸ்டாக்கிப் பார்த்தவர்கள் இதை நேரில் கண்டிருப்பீர்கள். முதல் நூறு மட்டும், இன்று பகல் 12 மணி வரை மட்டும் என்று வெட்டி எடுத்த பிறகே லிஸ்டாக்க வேண்டும்.

அடுத்தது, தீர்ந்துபோவது. ஓர் இட்டரேட்டரை லிஸ்டாக மாற்றினீர்கள், நூறு பொருள் வந்தது. அதே இட்டரேட்டரை மறுபடி லிஸ்டாக மாற்றினால் காலி லிஸ்ட் வரும். பிழைச் செய்தி வராது. கூட்டுத்தொகை பார்த்துவிட்டு அதே இட்டரேட்டரிலிருந்து பெரிய எண்ணைத் தேடினால் ஒன்றும் இருக்காது. இந்தக் குழப்பம் 2008 டிசம்பரில் பைதான் 3 வந்தபோது பெரிதாக வெளிப்பட்டது. அதுவரை லிஸ்ட் கொடுத்துவந்த மேப், ஃபில்டர், ஜிப் என்ற நிரல்பாகங்கள் மூன்றும் இட்டரேட்டர் கொடுக்கத் தொடங்கின. பழைய நிரல்களை மாற்றித்தர வந்த ‘2டு3’ என்ற கருவி, ஐயம் உள்ள இடங்களிலெல்லாம் இவற்றைச் சுற்றி ‘லிஸ்ட்’ என்று போட்டுக்கொடுத்தது. கருவிக்கு வேறு வழி இல்லை, எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாதே. வருத்தம் என்னவென்றால், பாடம் கற்றவர்களும் அந்தக் கருவியைப் போலவே சுற்றத் தொடங்கினார்கள். இன்றும் இணையத்திலிருந்து எடுத்த நிரல்களில் தேவையற்ற லிஸ்ட் மாற்றம் வரிக்கு வரி தென்படுகிறது.

அதற்காக லிஸ்டை ஒதுக்குங்கள் என்று சொல்லவில்லை. வரிசைப்படுத்த லிஸ்ட் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்க்க வேண்டுமானால் லிஸ்ட் வேண்டும். ஒரு கோப்பைத் திறந்து, வரிவரியாகத் தரும் இட்டரேட்டரை வெளியே கொடுத்துவிட்டு, கோப்பை மூடிவிட்டால், வாங்கியவர் முதல் வரி கேட்கும்போதே நிரல் உடையும். தரவுத்தளத் தொடர்பும் அப்படித்தான். மூடுவதற்கு முன் லிஸ்டாக்கிக் கொடுப்பதே அங்கே முறை. பிழை தேடுவதும் லிஸ்டில் எளிது. இட்டரேட்டர் கேட்கும்போதுதான் வேலை செய்யும் என்பதால், பிழை எழுதிய வரியில் வெடிக்காமல் எங்கோ பத்துக் கோப்பு தள்ளி, பயன்படுத்தும் வரியில் வெடிக்கும். ஜாவாவில் 2014இல் வந்த ‘ஸ்ட்ரீம்’ இதே வகைதான். அதை லிஸ்டாக்க 2021இல் ஜாவா 16 ஒரு குறுக்குவழி கொடுத்தது. அப்படிக் கிடைக்கும் லிஸ்டில் பிறகு எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அறியாமல் சேர்க்கப் போய் நிரல் உடைந்து விழிப்பவர்கள் பலர். ஒரே பெயரில் லிஸ்ட் என்றாலும் எந்த லிஸ்ட் என்று பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் பயன்படுத்தும் நிரல்பாகம் எழுதும்போது இட்டரேட்டராகக் கொடுங்கள் என்பதே என் கருத்து. இட்டரேட்டரை வாங்கியவர் வேண்டுமென்றால் லிஸ்டாக்கிக்கொள்வார். லிஸ்டாகவே கொடுத்தால், நினைவகம் அதற்குள் செலவாகியிருக்கும், காத்திருப்பும் முடிந்திருக்கும், அவர் மீட்க எதுவும் இல்லை. மூடவேண்டிய கோப்பு, தொடர்பு இருக்கும் இடங்கள் விதிவிலக்கு.

இதுவரை இரண்டு துருவங்களைச் சொன்னேன், ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் விடுவதும், அத்தனையையும் வைத்துக்கொள்வதும். இடையில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்ல இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்காது.

மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் நம் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. இந்தியக் கடற்கரையில் எவ்வளவு மீன் இறங்குகிறது என்று கணக்கிட அந்த நிலையம் ஒரு மாதிரியெடுப்பு முறையை வகுத்து, பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. எல்லாக் கரையிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. ஆகவே கரையையும் நாளையும் சீட்டுக் குலுக்கியது போல் தேர்ந்தெடுக்கிறார்கள். நாள் என்றால் ஒரு பகல் 12 மணியிலிருந்து மறுநாள் பகல் 12 மணி வரை. இரவில் இறங்கியதை விசாரித்து எழுதுகிறார்கள். அன்று கரைக்கு வரும் படகு 15 அல்லது அதற்குள் என்றால் அத்தனையையும் கணக்கெடுக்க வேண்டும். 16 முதல் 19 என்றால் முதல் பத்தையும், மீதியில் பாதியையும். 20 முதல் இரண்டுக்கு ஒன்று, 30 முதல் மூன்றுக்கு ஒன்று, 40 முதல் நான்குக்கு ஒன்று, 50 முதல் ஐந்துக்கு ஒன்று.

கணினிக்காரன் கண்ணோடு இந்த விதியைப் பாருங்கள். படகுகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. வந்த படகில் ஏலம் முடிந்து மீன் ஐஸ் பெட்டிக்குப் போய்விட்டால் திரும்பப் பார்க்க வழியில்லை. அச்சு அசல் இட்டரேட்டர். விதியோ மொத்தம் எத்தனை என்பதைப் பொறுத்து விகிதத்தை மாற்றுகிறது. கரையில் நிற்பவருக்கு விசாரிக்க ஆள் உண்டு, பழகிய கண் உண்டு. ‘இன்றைக்குத் தென்கடலில் எத்தனை வள்ளம் போயிருக்கு’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிரலுக்கு அது முடியாது. மொத்தம் தெரியாத ஓட்டத்திலிருந்து, திரும்பிப் பார்க்காமல், எல்லாப் படகுக்கும் சம வாய்ப்பு கொடுத்துப் பத்துப் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் என்ன செய்யும்?

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத், நிரலாக்கம் பற்றிய தம் நூலின் இரண்டாம் தொகுதியில், ஆலன் வாட்டர்மன் என்பவருடையது என்று குறிப்பிட்டு ஒரு வழிமுறையைத் தருகிறார். 1985இல் ஜெஃப்ரி விட்டர் அதை விரிவாக ஆராய்ந்து இன்னும் வேகமாக்கினார். வழி எளிது. பத்து இடமுள்ள ஒரு லிஸ்ட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் படகு அதில் ஏறட்டும். பதினொன்றாவது படகுக்கு 11இல் 10 பங்கு வாய்ப்பு, பன்னிரண்டாவதுக்கு 12இல் 10 பங்கு, அறுபதாவதுக்கு 60இல் 10 பங்கு. வாய்ப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் பத்தில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வையுங்கள். விழாவிட்டால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

இது நியாயமானதுதானா என்று சரிபார்க்க, ஒரே ஓர் இடம் உள்ள லிஸ்டை எடுத்துக்கொள்வோம். முதல் படகு உள்ளே. இரண்டாவது வரும்போது பாதி வாய்ப்பில் அது முதலாவதை வெளியேற்றும். மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் நுழையும். அப்படியானால் முதல் படகு தப்பியிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இரண்டாவதிடம் தப்பியது பாதி, மூன்றாவதிடம் தப்பியது மூன்றில் இரண்டு. பெருக்கினால் மூன்றில் ஒன்று. மூன்று படகுக்கும் சரிசமம். நான்காவது வந்தால் மூன்றில் ஒன்றை நான்கில் மூன்றால் பெருக்குங்கள், நான்கில் ஒன்று. எந்த நொடியில் வரத்து நின்றாலும் அதுவரை வந்த எல்லாருக்கும் பங்கு சமமாகவே இருக்கும். மொத்தம் எத்தனை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நினைவகத்தில் பத்து இடத்துக்கு மேல் எடுக்கவும் இல்லை.

இந்த வழிமுறையை இருபது வரிக்குள் எழுதிவிடலாம். மாணவர்கள் இதை வீட்டில் எழுதிப் பாருங்கள். பத்து இடமுள்ள லிஸ்டோடு, 1 முதல் 60 வரையுள்ள எண்களை இட்டரேட்டராகக் கொடுத்து, 6000 முறை ஓட்டி, எந்த எண் எத்தனை முறை தேறியது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 1000க்கு அருகில் வர வேண்டும். பிந்திய எண்கள் தொடர்ந்து குறைவாகவோ கூடுதலாகவோ வந்தால், படகை எண்ணுவதை 0இல் தொடங்கினீர்களா 1இல் தொடங்கினீர்களா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.